பல்லுக்கு வேலை இல்லாத ஊர்

மொட்டைப்பாறை என்ற மலையின் அடிவாரத்தில் ஒரு சுனை இருந்தது. அதைச் சுற்றிக் கொறித்துத் தின்கிற பிராணிகள் எல்லாம் ஒன்றாகக் குடியிருந்தார்கள். அணில்கள், எலிகள், பெருச்சாளிகள், முயல்கள், ஒரே ஒரு முள்ளம்பன்றி. அவற்றைப் போய் 'அவர்கள்' என்கிறேனே என்று பார்க்க வேண்டாம். அவர்கள் செய்ததைக் கேட்டு முடித்தால் நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள்.

சிங்கம், புலி யாரும் அங்கே இல்லை. ராஜா கிடையாது, மந்திரி கிடையாது. கெட்டுப்போவதானால் தாங்களாகவேதான் கெட்டுப்போக வேண்டும்.

அந்த ஊரில் சாப்பாடு என்பதே ஒரு வேலை. புளியங்கொட்டை, இலந்தைக்கொட்டை, வேப்பங்கொட்டை, புங்கங்காய், பனங்கொட்டை. எல்லாம் கல்லு மாதிரி. காலையில் கொறிக்க உட்கார்ந்தால் வெயில் உச்சிக்கு ஏறும்வரை கடக்கு கடக்கு என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். வயிறு நிறைவதற்குள் தாடை வலித்துவிடும். ஒரு மரம் காய்க்காத வருஷம் இன்னொரு மரம் கைகொடுக்கும். அப்படியே ஓடிக்கொண்டிருந்தது.

பிள்ளைக்குப் பல் முளைத்ததும் ஊரைக் கூட்டி, ஒரு புளியங்கொட்டையைக் கையில் கொடுத்துக் கடிக்கச் சொல்வார்கள். 'கொட்டைக்கடிப்பு' என்று அந்தச் சடங்குக்குப் பெயர். எதற்கு என்று யாருக்கும் தெரியாது. எல்லோரும் செய்தார்கள், அதனால் எல்லோரும் செய்தார்கள்.

பிறகு ஒரு கோடை வந்தது. புளியும் பொய்த்தது, இலந்தையும் பொய்த்தது, மற்ற மரங்களும் பொய்த்தன. செவந்தி என்ற அணில் அந்தக் கோடையில்தான் குட்டி போட்டிருந்தாள். தாய்க்குத் தீனி இல்லை, மடியில் பால் இல்லை. குட்டிகள் ஒவ்வொன்றாகப் போயின. பவளம் என்ற ஒரே ஒரு பெண்குட்டி மிஞ்சியது.

"என் பிள்ளை இனி ஒருநாளும் பசின்னு அழக்கூடாது" என்று செவந்தி அன்றைக்கு முடிவு செய்தாள். அதில் ஒரு தப்பும் இல்லை. பெற்றவள் வேறென்ன நினைப்பாள்?

அந்த நேரம் பார்த்து மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பழந்தின்னி வௌவால் வந்து புளியமரத்தில் தொங்கியது. கீழே எலும்பும் தோலுமாக உட்கார்ந்து காய்ந்த கொட்டைகளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தது.

"எதுக்கு இந்தப் பாடு? மலைக்கு அந்தப் பக்கம் வாழைன்னு ஒண்ணு இருக்கு. கடிக்கவே வேண்டாம். உதடு இருந்தா போதும்."

வயிரப்பன் என்ற பெருச்சாளி நிமிர்ந்து பார்த்தான். "நீ தின்னு பார்த்திருக்கியா?"

"நான் பாதி நாள் அதைத்தானே திங்கிறேன். என் உடம்பைப் பாரு."

பார்த்தார்கள். நல்ல உருண்டை உடம்பு.

வௌவால் பொய் சொல்லவில்லை. வாழை அதற்கு ஒத்துக்கொண்டது நிஜம். ஆனால் வௌவாலின் பல் முளைத்த அளவில் நின்றுவிடும். கொறிக்கிற ஜாதிக்கு அப்படி இல்லை. சாகும்வரை பல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமானதைக் கடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் அளவில் நிற்கும். இதை வௌவாலும் யோசிக்கவில்லை, கேட்டவர்களும் யோசிக்கவில்லை. பசித்த வயிறு பல்லிடம் போய் யோசனை கேட்குமா?

வயிரப்பன் மலை ஏறிப் போனான். ஒரு வாழைக் கன்றைத் தோண்டி, உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தான். சுனைத் தண்ணீர் வழிந்து ஓடுகிற இடத்தில் குழி பறித்து நட்டான். பெருச்சாளிக்குக் குழி பறிக்கச் சொல்லியா தர வேண்டும்? ஊர் கிடைத்ததைக் கொறித்து அரைவயிற்றோடு காத்திருந்தது. கன்று வளர்ந்து குலை தள்ளியது. பழுத்தது. ஊரே கூடித் தின்றது.

செவந்தி ஒரு துண்டுப் பழத்தைப் பவளத்தின் வாயில் வைத்தாள். பிள்ளை சப்புக்கொட்டித் தின்றுவிட்டு, அப்படியே தூங்கிப்போனது. வயிறு நிறைந்து தூங்குகிற தன் பிள்ளையை அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தாள். அழுகை வந்தது. அழுதாள்.

அதுவரை 'வயிரப்பா, இங்கே வாடா' என்று கூப்பிட்டவர்கள் அன்று முதல் 'அண்ணாச்சி' என்றார்கள். நாமும் அவர் என்றே சொல்வோம். ஊருக்குச் சோறு போட்டவர் அல்லவா?

வாழைக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு கன்று வைத்தால் அதன் காலடியிலேயே நாலு கன்று வரும். எல்லோரும் ஆளுக்கொன்று வாங்கி வைத்தார்கள். எந்தக் குட்டியும் பசியால் சாகவில்லை. இதை நான் மறைக்க மாட்டேன். அந்தச் சில வருஷங்கள் நல்ல வருஷங்கள். பிறந்தவை எல்லாம் பிழைத்தன. பிழைத்தவை எல்லாம் குட்டி போட்டன. ஊர் பெருத்தது. பழம் போதவில்லை.

"இன்னும் வைக்கணும்" என்றார் வயிரப்பன்.

வைக்க இடம் வேண்டும். இடத்தில் மரங்கள் நின்றன. முள்ளம்பன்றி ஊசிக்காத்தானைக் கூப்பிட்டார்கள். அவன் ஒரு மரத்தைச் சுற்றிப் பட்டையை வளையமாகக் கடித்து எடுத்தால், மரம் நின்ற இடத்திலேயே பட்டுப்போகும். பட்டதைக் கறையான் பார்த்துக்கொள்ளும். முதலில் வேம்பு போனது. கசக்கிற மரம் யாருக்கு வேண்டும்? பிறகு புங்கம். பிறகு இலந்தை; அது முள் குத்துகிறதாம். பஞ்சத்துக்கு முன்னால் அந்த முள்ளுக்குள் புகுந்து பொறுக்கித் தின்று வளர்ந்த உடம்புகள்தான் இப்படிச் சொல்லின. அப்புறம் பனை; அதை அடியில் குடைந்து சாய்த்தான். கடைசியில் புளியமரத்தடியில் வந்து நின்றார்கள்.

செவந்திக்கு என்னவோ போல் இருந்தது. 'வாழை கைவிட்டா அப்புறம் எதைத் திங்கிறது அண்ணாச்சி?' என்று கேட்க நினைத்தாள். கேள்வி வாய்வரை வந்தது. பக்கத்தில் நின்ற பவளத்தின் உப்பிய கன்னத்தைப் பார்த்தாள். வந்ததை விழுங்கிக்கொண்டாள். ஊசிக்காத்தான் புளியம்பட்டையில் பல்லை வைத்தான்.

சுனையும் சும்மா இல்லை. வாழைக்குத் தாகம் அதிகம். வழிந்து ஓடிய தண்ணீர் வழியாமல் நின்றது. பிறகு பள்ளத்துக்குள் இறங்கிக் குடிக்க வேண்டியதாயிற்று. யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பழத்திலேயே தண்ணீர் இருக்கிறதே!

காலையில் வாழை. மத்தியானம் வாழை. விருந்து என்றால் பெரிய வாழை. ஊரில் கடக்கு கடக்கு சத்தம் நின்று சளக்கு சளக்கு சத்தம் வந்தது. கொட்டைக்கடிப்பும் நின்றது. "பஞ்சத்துப் பழக்கம் நமக்கு எதுக்கு?" என்றார்கள். அதற்குப் பதிலாகக் குட்டியின் உதட்டில் பழக்குழைவைத் தடவினார்கள். இதற்கும் ஒரு பெயர் வைத்துக் கூட்டம் கூட்டினார்கள்.

பற்கள் வளரத் தொடங்கின.

இங்கேதான் அந்த ஊர் தன் புத்தியைக் காட்டியது. பல் நீண்டால் பயப்பட வேண்டும் அல்லவா? அவர்கள் பெருமைப்பட்டார்கள். நீளப் பல் என்றால் கொட்டை கடிக்காத பல். கொட்டை கடிக்காத பல் என்றால் வசதியான வீட்டுப் பல். 'முத்துப் பல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். பெண் பார்க்க வந்தால் முதலில் பல்லைத்தான் பார்த்தார்கள். குட்டையான பல்லோடு யாராவது வந்தால், "கொட்டை கடிக்கிற குடும்பம்" என்று காதைக் கடித்துக்கொண்டார்கள். ஊசிக்காத்தானின் பல் குட்டையாகவே இருந்தது, மரம் கடிக்கிறவன் அல்லவா? அவனை எந்த விசேஷத்துக்கும் கூப்பிடுவதில்லை.

பவளம் வளர்ந்தாள். அதே ஊரில் மேட்டுத் தோப்பிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். மாப்பிள்ளையின் தாய் அம்சவேணி அந்த ஊரில் எல்லோரும் மதிக்கிற அணில். அவள் வாலைத் தூக்கி நடந்தால் மற்றவர்கள் வழி விடுவார்கள்.

செவந்தியின் பாறைப் பொந்துக்குள் நுழைந்ததுமே அம்சவேணி மூக்கைச் சுளித்தாள்.

"என்ன சம்பந்தி, ஒரு மாதிரிப் புளிச்ச வாசனை?"

செவந்திக்குத் திக்கென்றது. பொந்தின் மூலையில், சருகுக்கு அடியில், புளியங்கொட்டை சேர்த்து வைத்திருந்தாள். பஞ்சத்துக்குப் பிறகு பொறுக்கியவை. நல்ல காலத்திலும் அவ்வப்போது எடுத்துத் தானும் கடிப்பாள், பவளத்துக்கும் கொடுப்பாள். எதற்கென்று இல்லை. பழக்கம்.

"பழைய வீடு இல்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்தாள்.

"பழைய வீடா, பழைய பழக்கமா?" அம்சவேணி சிரித்தாள். "தப்பா நினைக்காதீங்க. எங்க வீட்டுக்கு வர்ற பொண்ணு பல்லு கொஞ்சம் கட்டையா இருக்கேன்னு பார்த்தேன். போகப் போக வளரும். வளர்ற மாதிரி வளர்க்கணும்."

அவர்கள் போன உடனே செவந்தி கொட்டைகளை வாரினாள். ஒன்று விடாமல் சுனையில் கொண்டுபோய்க் கொட்டினாள்.

"எதுக்கும்மா எல்லாத்தையும் கொட்டுறே?" என்றாள் பவளம். "கடிக்கும்போது வாய்க்கு நல்லா இருக்குமே."

"வாய்க்கு நல்லா இருந்தா போதுமா? நாளைக்கு நாலு பேர் முன்னால நீ தலை நிமிர்ந்து நிக்க வேண்டாமா?"

பவளத்தின் பல் வளர்ந்தது. கல்யாணமும் நடந்தது. விருந்துக்கு வந்தவர்கள், "மருமகளுக்கு என்ன முத்துப் பல்லு!" என்று அம்சவேணியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். அதைக் கேட்ட செவந்திக்குத் தரையில் கால் பாவவில்லை.

பவளம் ஒரு பெண்குட்டி பெற்றாள். அடுத்த சில வாரங்களிலேயே செவந்திக்குச் சொல்லி அனுப்பினார்கள். 'மகள் சரியாகச் சாப்பிடவில்லை, வந்து பார்.'

போய்ப் பார்த்தாள். பவளத்தின் கீழ்ப்பல் உதட்டைத் தாண்டி மூக்கின் பக்கமாக ஏறியிருந்தது. மேல்பல் உள்பக்கமாக வளைந்து அண்ணத்தில் குத்திக்கொண்டிருந்தது. வாய் மூடவும் இல்லை, சரியாகத் திறக்கவும் இல்லை. தலைக்கு மேலே ஒரு தார் பழுத்துத் தொங்கியது.

"பசிக்குதும்மா" என்றாள் பவளம்.

எந்த வார்த்தையைக் கேட்கக்கூடாது என்று ஒரு காலத்தில் முடிவு செய்தாளோ, அந்த வார்த்தை. செவந்தி பழத்தைப் பிசைந்து, பல்லுக்கு இடையில் இருந்த சந்தில் விரலால் தள்ளினாள். பாதி உள்ளே போனது, பாதி வழிந்தது. மறுநாள் அதுவும் போகவில்லை.

வயிரப்பனிடம் ஓடினாள். அவர் வாழையிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"என் மகளுக்கு வாய் திறக்கலை அண்ணாச்சி."

"பழம் சரியாக் கனியலையா இருக்கும். நல்லா அழுகக் கனிஞ்சதாப் பார்த்துக் கொடு."

"பழத்துல கோளாறு இல்லை. பல்லுதான் வளர்ந்து..."

"பல்லுக்கு என்ன? எனக்கும்தான் வளர்ந்திருக்கு. நான் நல்லா இல்லையா?"

அவருடைய கீழ்ப்பல் ஒரு நாசியை அடைத்துக்கொண்டிருந்தது. பேசும்போது எச்சில் மார்பில் ஒழுகியது. சுற்றி நின்றவர்களும் அதே மாதிரி ஒழுகவிட்டுக்கொண்டு, "அண்ணாச்சி நல்லாத்தான் இருக்கார்" என்றார்கள்.

"மேட்டுத் தோப்புல இந்த மாசம் மட்டும் எத்தனை சாவு அண்ணாச்சி! அவங்க வாயையும் பாருங்க."

"அவங்க எல்லாம் வயசாளிங்க. வயசானா சோறு இறங்காது." வயிரப்பன் யோசித்தார். அவருக்கு எப்போதும் ஒரே யோசனைதான். "பலவீனமா இருக்கா உன் மக. இன்னும் நிறைய பழம் வேணும். சுனைக்குப் பக்கத்துல கொஞ்சம் இடம் கிடக்கு, அங்கேயும் வச்சிடுவோம்."

செவந்தி அவரோடு பேசுவதில் பயன் இல்லை என்று திரும்பினாள். கடிக்க ஏதாவது வேண்டும். பல் தேய வேண்டும். கொட்டை கடித்த காலத்தில் ஊரில் யாருக்கும் இப்படி ஆனதில்லை என்பது அவளுக்கு இப்போதுதான் உறைத்தது. சுனைக்குள் பார்த்தாள். தண்ணீர் வற்றிய சேற்றில் அவள் கொட்டிய கொட்டைகள் அழுகிக் கூழாகிக் கிடந்தன. வாழைத்தண்டைக் கடித்துப் பார்த்தாள், தண்ணீர்தான் வந்தது. புளியமரம் நின்ற இடத்தில் கறையான் புற்று இருந்தது. ஊர் முழுக்க இலை, இலை, இலை. பசேலென்று கண்ணுக்குக் குளிர்ச்சியாக, ஒரு பல்லைத் தேய்க்கவும் உதவாத ஊர்.

ஊசிக்காத்தானைத் தேடினாள். அவன் ஊரைவிட்டே கிளம்பிக்கொண்டிருந்தான்.

"இங்கே கடிக்க ஒண்ணும் இல்லை. நான் வேற காடு பார்த்துப் போறேன்."

"ஏதாவது ஒரு கட்டை இருக்கா அண்ணே? என் பிள்ளைக்கு."

"எல்லாத்தையும் நான்தானே கடிச்சேன். நீங்கதானே கடிக்கச் சொன்னீங்க." அவன் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். "மலைக்கு அந்தப் பக்கம் போய்ப் பாரு. வேலமரம் இருக்கும்."

செவந்தி மலை ஏறினாள். அவளுடைய பல்லும் நீண்டுதான் இருந்தது. வழியில் ஒன்றும் தின்ன முடியவில்லை. ஆலும் வேலும் பல்லுக்கு உறுதி என்று மனிதர்கள் சொல்வார்கள். அவளுக்கு அந்தப் பழமொழி தெரியாது. ஆனால் கருவேலமரத்தைக் கண்டதும் அதன் கிளையில் பாய்ந்து வெறி பிடித்தவள் போலக் கடித்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. ஒரு பல் உடைந்தது. ஆனாலும் வாய் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது. ஒரு சின்னக் கட்டையை ஒடித்துக் கவ்விக்கொண்டு, விழுந்தும் எழுந்தும் மலை இறங்கினாள்.

பவளத்துக்கு இன்னும் உயிர் இருந்தது. செவந்தி கட்டையை அவள் வாயருகில் கொண்டுபோனாள்.

"கடி, கண்ணு. கொஞ்சம் வலிக்கும். கடி."

பவளம் கடிக்கத்தான் பார்த்தாள். தாடை அசையவில்லை. பல் அண்ணத்தில் இறங்கி ஆழமாகப் பதிந்துவிட்டது. இனி கடிக்கவும் முடியாது, எடுக்கவும் முடியாது. கட்டை அவள் மார்பில் விழுந்தது. அம்மாவைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பசிக்கிறது என்று சொல்லக்கூட வாய் வரவில்லை.

சாயங்காலம் உயிர் போனது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது. பழுத்துப்போன தாரிலிருந்து ஒரு பழம் கழன்று பக்கத்தில் விழுந்தது. அதை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. பசி இல்லாமல் இல்லை, தின்னத்தான் முடியவில்லை.

துக்கம் கேட்க ஊர் வந்தது. வந்தவர்களில் பாதிப் பேர் வாயை மூட முடியாமல் வந்தார்கள். அம்சவேணி மருமகளின் முகத்தைப் பார்த்து, குழறிக் குழறி, உண்மையாகவே அழுதாள்.

"பல்லைப் பாருங்களேன். இப்படி ஒரு முத்துப் பல்லை வச்சுக்கிட்டு, அனுபவிக்கக் கொடுத்து வைக்காமப் போயிட்டாளே."

எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஒருத்தர்கூட வேறு விதமாகச் சொல்லவில்லை.

பவளத்தின் குட்டி சருகில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தது. அதன் வாயில் இப்போதுதான் பல் முளை விட்டிருந்தது. செவந்தி மகளின் மார்பில் கிடந்த கட்டையை எடுத்தாள். பேத்தியின் வாயில் வைத்தாள்.

"நீயாவது கடிடி, என் தங்கம்."

அம்சவேணி பாய்ந்து வந்து கட்டையைப் பிடுங்கினாள். "பெத்தவளை வாரிக்கொடுத்துட்டு நிக்கிறோம், இந்த நேரத்துல காட்டுக் கட்டையை வாயில வைக்கிறியே! என் பேத்திக்கு என்ன தலையெழுத்து?" கட்டையைத் தூக்கித் தோப்புக்குள் எறிந்தாள். வாழை இலைகள் அதை மூடிக்கொண்டன.

செவந்தி கெஞ்சினாள். காலில் விழுந்தாள். மகள் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்று சொல்லி, நாலு பேர் அவளைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு போனார்கள். அம்சவேணி கீழே கிடந்த பழத்தை எடுத்துப் பிசைந்தாள். குட்டியின் உதட்டில் தடவினாள். குட்டி நாக்கை நீட்டி நக்கியது. இனித்திருக்க வேண்டும், இன்னும் கொடு என்று வாயைத் திறந்தது.

ஒரே உணவை மலைமலையாய் விளைவித்து மற்றதையெல்லாம் அழித்துவிட்டு, அதனால் வந்த நோயையும் அழகென்று கொண்டாடுகிற ஊர், நிறைந்த குலையின் அடியிலேயே பட்டினி கிடந்து சாகும்.